தனக்கென ஒரு செக்ரோல்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் நேரம் என்பது நெடுங்காலமாகப் பிறர் எழுதி வைக்கும் கணக்காகவே இருந்து வந்துள்ளது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, மலை பிரித்துக் கொடுத்து, காலையும் மதியமும் மாலையும் கொழுந்து நிறுத்து, விதித்த நிறை வந்தால் ஒரு பேரும், அதாவது ஒரு முழு நாளும், வராவிட்டால் அரைப் பேரும் செக்ரோலில் ஏற்றுகின்ற ஒழுங்குக்குள் பல தலைமுறைகள் பிறந்து வளர்ந்துள்ளன. செக்ரோல் என்பது தோட்ட அலுவலகம் வைத்திருக்கும் வேலைநாட் பதிவேடு. ஒருவருடைய பெயருக்கு நேரே அதில் விழும் குறிதான் அவருடைய நாள் ஒரு நாளாக எண்ணப்பட்டதற்குச் சான்று. அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் எவரும் அதைத் தம் கையால் எழுதியதில்லை. இத்தகைய ஓரிடத்தில் ஓர் இளைஞரோ யுவதியோ முகாமைத்துவக் கல்விக்கான நுழைவுப் பரீட்சைக்கு ஆசிரியர் துணையின்றித் தாமே படிக்கத் திட்டம் வகுக்கும்போது, குடும்பத்தில் முதன்முறையாகத் தம் நாளைத் தாமே பதியும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொள்கிறார். அந்த நாளை எதைக் கொண்டு அளப்பது, அதற்காக யாருடைய நேரத்தைக் கடன் வாங்குவது என்பன கால அட்டவணை வரைவதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள்.

முகாமைத்துவம் என்ற சொல் பாடப்புத்தகத்தில் புதிதாக அறிமுகமாகலாம். அதன் பொருள் தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிதல்ல. பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளரான ஆன்றி ஃபயோல் 1916இல் முகாமைத்துவத்தின் பணிகளாக வகுத்துச் சொன்னவை, பிற்காலத்தில் சற்றுச் சுருங்கி, இன்று மாணவர்கள் மனனம் செய்யும் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்னும் நான்காக நிற்கின்றன. துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என மேலிருந்து இறங்கி வந்த தோட்டத்து அதிகாரச் சங்கிலி அந்த நான்கையும் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் நாள்தோறும் நடத்திக் காட்டியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் சங்கிலியின் வடிவம் பெரிதாக மாறவில்லை. திட்டமிடுபவர் ஒருவர், அதன்படி நடப்பவர் வேறொருவர் என்ற பிரிவினையைக் கண்டு வளர்ந்தவருக்குச் சுயகற்றலில் ஒரு தனி இடர் உண்டு. இங்கே இரண்டு வேலையும் ஒருவருடையவை. அதனால் பலர் தமக்குத் தாமே துரையாகி, உடம்பும் வீடும் தாங்காத கட்டளையைத் தமக்கே பிறப்பித்து, அதை நிறைவேற்ற முடியாத நாளில் தமக்கே அரைப் பேர் போட்டுத் தண்டித்துக்கொள்கின்றனர். அதிகாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை கட்டம் கட்டி வீட்டுக் காம்பராச் சுவரில் ஒட்டிய பல வண்ண அட்டவணை இரண்டாவது வாரத்தோடு கைவிடப்பட்டால் அதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. அதை வரைந்த மனம் பிரட்டுக்களத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

இலங்கையில் முகாமைத்துவப் படிப்புக்கான வாயில்கள் இரண்டு. முதலாவது கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் வர்த்தகப் பிரிவு. கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் மிகக் குறைவாதலால் கலையும் வர்த்தகமுமே பெரும்பாலான தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்றன. இந்த வாயிலும் எளிதாகத் திறந்ததன்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. அரசு அவற்றைக் கையேற்றது 1970களில்தான் என்பதால், நாட்டின் ஏனைய பிள்ளைகளைவிட ஒரு தலைமுறைக் காலம் பிந்தியே இங்குள்ளவர்களின் கல்விப் பயணம் தொடங்கியது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடம் ஒன்று இருக்கிறது; பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் நகருக்கு வருவோர் அதைக் கடந்தே வருகின்றனர். கண்ணுக்கு எட்டும் அந்த வாசல், அனுமதியைப் பொறுத்தவரை நாடு முழுவதற்கும் பொதுவான வரிசையின் முடிவில்தான் இருக்கிறது.

அந்த வரிசையை நிர்ணயிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் எண்ணை நியம விலகலால் வகுத்தால் கிடைப்பது அது. நியம விலகல் என்பது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. ஒரு பாடத்தில் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொண்டால் 60 புள்ளி எடுத்தவரின் இசட் புள்ளி 1 ஆகும். சராசரியே 60 ஆகிவிட்ட வேறொரு பாடத்தில் அதே 60 புள்ளிக்குக் கிடைப்பது பூச்சியம். மூன்று பாடங்களின் சராசரியே இறுதிக் கணக்கு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறையில் பதுளை அந்தப் பதினாறில் ஒன்றாக வருகிறது. திட்டமிடுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது: எல்லோரும் நன்றாகச் செய்யும் பாடத்தில் இன்னும் ஐந்து புள்ளி தேடி மாதக்கணக்கில் உழைப்பதைவிட, பெரும்பாலோர் தடுமாறும் பாடத்தில் தாம் தடுமாறாதிருக்கப் பழகுவது பயன் தரும். பாடங்களுக்கு நேரத்தைச் சமமாகப் பங்கிடுவது பார்வைக்கு நீதியாகத் தோன்றும்; இசட் புள்ளி அந்தச் சமத்துவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது வாயில் பட்டப்பின் படிப்புக்குரியது. சுயகற்றல் என்னும் கேள்வி முழு வலிமையோடு எழுவது இங்கேதான். உயர்தரத்துக்காவது பாடசாலை உண்டு, பதுளையிலும் பண்டாரவளையிலும் பிரத்தியேக வகுப்புகள் உண்டு. பட்டம் முடித்து, பசறையில் ஆசிரியராகவோ நகரத்து வங்கியொன்றில் எழுதுவினைஞராகவோ வேலை பார்த்துக்கொண்டு எம்பிஏ படிக்க விரும்பும் ஒருவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பவை கொழும்பில் உள்ள நிறுவனங்கள் நடத்தும் உளச்சார்புப் பரீட்சைகளும், வெளிநாட்டுக் கல்லூரிகள் கேட்கும் ஜிமேட் பரீட்சையும். உளச்சார்புப் பரீட்சை என்பது கற்ற பாடத்தைக் கேட்காமல், எண்ணையும் சொல்லையும் தரவையும் கையாண்டு நியாயமான முடிவுக்கு வரும் திறனைச் சோதிப்பது. அந்த வகையில் மிகப் பரவலாக அறியப்பட்ட ஜிமேட்டின் முன்னோடி 1954இல் அமெரிக்காவில் முதன்முதலில் நடத்தப்பட்டது. 2023 நவம்பரில் அறிமுகமான அதன் புதிய வடிவத்தில் கணிதத் தர்க்கத்துக்கு 21, மொழித் தர்க்கத்துக்கு 23, தரவு நோக்குக்கு 20 என்று 64 வினாக்களும், பகுதிக்கு 45 நிமிடங்களும் உள்ளன. விடை சரியாகும்போது அடுத்த வினா கடினமாகவும், பிழைக்கும்போது எளிதாகவும் வரும்படி கணினி தெரிவு செய்கிறது. ஒரு வினாவுக்குச் சராசரியாக இரண்டு நிமிடங்களே கிடைக்கின்றன.

இந்தப் பரீட்சைக்கான கட்டணம் ஏறத்தாழ 275 அமெரிக்க டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால் 82,500 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயமான 1,350 ரூபா அடிப்படை நாட்கூலிக் கணக்கில் அது 61 நாள் பேராக இருந்தது. பரீட்சையை மீண்டும் எழுத 16 நாள் இடைவெளி போதும் என்று விதி இடமளித்தாலும், தாயின் 61 நாட் கொழுந்தை ஒரு முறை செலவழித்தவர் 16 நாளில் மறுபடியும் செலவழிக்கத் துணியமாட்டார். பொருளியலில் அமையச் செலவு என்று ஒரு கருத்து உண்டு: ஒன்றைத் தெரிவு செய்வதால் கைவிடப்படும் அடுத்த சிறந்த தெரிவின் பெறுமதி அது. பரீட்சைக் கட்டணத்தின் அமையச் செலவை வர்த்தகப் பிரிவு மாணவர் விடைத்தாளில் வரையறை எழுதி விளக்குவார்; தோட்டத்து வீட்டில் அது ஒழுகும் கூரைத்தகரமாகவும், தங்கையின் வகுப்புக் கட்டணமாகவும், நகைக்கடையில் மீட்கப்படாமல் கிடக்கும் ஒரு சோடித் தோடாகவும் கண்முன்னே நிற்கிறது. ஆதலால் இங்கே திட்டமிடல் என்பது முதலில் முயற்சியின் எண்ணிக்கையைப் பற்றிய முடிவாகிறது. ஒரேயொரு முறைதான் எழுதப் போகிறார் என்றால், பரீட்சை நடத்தும் அமைப்பே இணையத்தில் இலவசமாகத் தரும் இரண்டு மாதிரிப் பரீட்சைகளை அவசரத்தில் வீணாக்காமல், ஒன்றைத் தொடக்கத்திலும் மற்றதைக் கடைசி மாதத்திலும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

நூல்களைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். பதுளையில் இத்தகைய பரீட்சைக்கான நூல்கள் எளிதில் கிடைப்பதில்லை. கொழும்பு மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்ட பழைய பதிப்புகளே பலருடைய முதல் முதலீடு. புதிய ஜிமேட்டில் வாக்கியத் திருத்தம் என்னும் இலக்கண வினாவகையும் கேத்திரகணிதமும் நீக்கப்பட்டுவிட்டன. பழைய நூலை முதற் பக்கத்திலிருந்து பக்தியோடு படிப்பவர், இனி எவரும் கேட்காத இலக்கண விதிகளுக்காக இரண்டு மூன்று மாதங்களை இழக்கிறார். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். பச்சையாக நிற்கும் கிளைகளை இடுப்பளவுக்கும் கீழே வெட்டிச் சாய்ப்பதைப் பார்க்கும் புதியவருக்கு அது அழிவாகத் தெரியும். படிப்பைத் தொடங்கும் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை அதுவே: பரீட்சையின் இன்றைய அமைப்பைப் பார்த்து, அதில் இல்லாதவற்றை நூலிலிருந்து துணிந்து வெட்டுதல். காசு கொடுத்து வாங்கிய நூலின் பாதியைப் படிக்காமல் விடுவதற்கு, காசின் அருமை தெரிந்த வீட்டில் வளர்ந்தவருக்கு மனம் வருவதில்லை. ஆயினும் வெட்டியாக வேண்டும்.

திட்டங்கள் ஏன் தவறுகின்றன என்பதைப் பற்றி உளவியலாளர்கள் நிறையவே எழுதியுள்ளனர். ஒரு வேலைக்கு எடுக்கும் காலத்தை மனிதர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்னும் கருத்தை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்தனர். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டபோது அவர்களின் சராசரி மதிப்பீடு 34 நாட்கள். உண்மையில் எடுத்தது 55 நாட்களுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதுகூட 49 நாட்கள்தான். அவர்கள் மின்சாரமும் நூலகமும் தனியறையும் உள்ள பல்கலைக்கழகச் சூழலில் இருந்தவர்கள் என்பதைக் கருத்தில் கொண்டால், மழைக்கு மின்சாரம் நின்றுவிடும் லயத்து வரிசை வீட்டிலிருந்து படிப்பவர் ஆறு மாதம் என்று நினைத்ததைப் பத்து மாதம் என்று எழுதிக்கொள்வது தன்னம்பிக்கைக் குறைவாகாது. அது கணக்கு.

இனி அளவைப் பற்றிய கேள்வி. இத்தனை மணி நேரம் படித்தேன் என்பதே நம்மிடையே வழக்கமாகிவிட்ட அளவு. அது வந்து போன நேரத்தைப் பதிகிறதேயன்றி விளைச்சலைப் பதிவதில்லை. கொழுந்து பறிப்பவர் மலையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை எந்த நிறுவையும் கேட்பதில்லை என்பது அந்த முறையின் கொடுமைகளில் ஒன்றுதான். ஆனால் தனக்குத்தானே கணக்கெழுதும் ஒருவர் அந்த நிறுவையை அதன் கொடுமை நீக்கி எடுத்துக்கொள்ளலாம். இன்று எத்தனை வினாக்களைப் புத்தகத்தைப் பாராமல் தாமே செய்தார், அவற்றில் எத்தனை பிழைத்தன என்னும் இரண்டு எண்கள் போதும். படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்தெழுத முயல்வது ஒரு வாரத்துக்குப் பின்னும் அதிகமாக நிலைக்கிறது என்பதை ரோடிகர், கார்பிக் என்னும் ஆய்வாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டினர். மறதி எப்படி நடக்கிறது என்பதை 1885இலேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளை மனனம் செய்து தம்மையே சோதனைப் பொருளாக்கி அளந்து வைத்தார்: முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் அது நடக்கிறது. மீள்பார்வைக்குரிய காலம் மறதியின் இந்த வேகத்தைப் பொறுத்தது. அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தவருக்கு வரைபடம் வேண்டியதில்லை. பறித்த மலைக்கு ஏழெட்டு நாளில் திரும்பி வர வேண்டும். மூன்றாம் நாளே போனால் கொழுந்து வந்திராது, மூன்று வாரம் கழித்துப் போனால் முற்றிவிடும். ஒருமுறை செய்த வினாவகைக்கும் அப்படியொரு திரும்பு காலம் உண்டு. மறக்கத் தொடங்கும் தறுவாயில் திரும்பி வருவதுதான் பதம். சற்றே சிரமப்பட்டு நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சியில்தான் பாடம் வேர் பிடிக்கிறது.

பிழைக் கொப்பி என்று ஒன்றைத் தனியே வைத்திருப்பதன் பயன் இதனால் விளங்கும். அதில் திகதி, வினா, தாம் தெரிவு செய்த விடை, சரியான விடை ஆகியவற்றோடு பிழைத்த காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். கவனக்குறைவு என்று எழுதுவது காரணமாகாது. தமிழ் மொழிமூலம் படித்தவர் இதில் ஒரு வேறுபாட்டைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். ‘அட் மோஸ்ட் த்ரீ’ என்பதைக் கூடியது மூன்று என்று கொள்ளாமல் குறைந்தது மூன்று என்று கொண்டு பிழைத்தவருக்குக் கணிதம் தெரியாமலில்லை. ‘அன்லெஸ்’ என்ற ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தவருக்குத் தர்க்கம் வராமலில்லை. மொழியால் வந்த பிழையையும் சிந்தனையால் வந்த பிழையையும் ஒரே நிரலில் எழுதிக் கூட்டிப் பார்ப்பவர், தமக்கு மூளை போதாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவோடு பரீட்சையைக் கைவிட்டவர்கள் இந்த மலைகளில் எத்தனையோ பேர் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதினால், அவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது நாள்தோறும் அரை மணி நேர ஆங்கில வாசிப்பு என்பது தெரிந்திருக்கும். ஐம்பது அறுபது இணைப்புச் சொற்களைப் பற்றிய தெளிவு, பல நூறு கடினச் சொற்களின் மனனத்தைவிடப் பரீட்சையில் உதவும்.

மொழித் தர்க்கப் பகுதி கேட்பது அந்நியமான ஏதோவொரு திறமையை என்று எண்ணுவதும் தவறு. அப்பகுதியின் வினாவொன்றைத் தோட்டத்துப் பொருளில் அமைத்துப் பார்க்கலாம்: கூலி உயர்த்தப்பட்ட மாதத்தில் ஒரு தோட்டத்தில் ஆளுக்குக் கிடைத்த கொழுந்தின் நிறை கூடியது, ஆகவே கூலி உயர்வுதான் தொழிலாளரின் ஊக்கத்தைக் கூட்டியது, இந்த வாதம் எந்த எடுகோளின் மேல் நிற்கிறது? எடுகோள் என்பது வாதத்தில் சொல்லப்படாமலே உண்மையென்று கொள்ளப்படுவது. இதைக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரிடம் சொன்னால், “அந்த மாசம் மழை பேஞ்சுச்சா இல்லையா, அத மொதல்ல கேளுங்க” என்றுதான் அவர் தொடங்குவார். மழை முந்தைய மாதத்தைப் போலவே இருந்தது, வேறு எதுவும் மாறவில்லை என்பதே அந்த எடுகோள். அதை உடைக்கும் கேள்வியை எழுத்தறியாத ஒருவராலும் கேட்க முடிகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வீசும் வறண்ட காற்றில் கொழுந்து குறையும், ஆனால் அதே காலத்துத் தேயிலைக்குத்தான் வாசனையும் விலையும் மிகுதி என்பதை அறிந்த ஒருவருக்கு, அளவும் பெறுமதியும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதைத் தரவு நோக்குப் பகுதி புதிதாகக் கற்பிக்கப் போவதில்லை. வீரகேசரி நாளிதழின் ஆசிரியர் தலையங்கம் ஒன்றை எடுத்து, அதன் முடிவு எது, ஆதாரம் எது, சொல்லாமல் விட்ட எடுகோள் எது என்று தமிழிலேயே பிரித்துப் பழகிய பின் ஆங்கிலப் பந்திக்குப் போவது சுற்றுவழி போலத் தோன்றினாலும் அதுவே நேர்வழி. சிந்தனையைத் தாய்மொழியில் கூராக்கிக்கொண்டவர் பிறமொழியில் தேட வேண்டியது சொல்லை மட்டுமே.

இடத்தைப் பற்றிய கேள்வி இவ்வளவு எளிதாகத் தீர்வதில்லை. ஜிமேட்டை வீட்டிலிருந்தபடியே இணையவழியாகவும் எழுதலாம். அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, பரீட்சை முடியும்வரை கதவடைத்த அறையில் தேர்வர் தனியே இருக்க வேண்டும், வேறெவரும் உள்ளே வரக்கூடாது என்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பெற்றோரும் பிள்ளைகளும் பாட்டியும் உறங்கி எழும் லயத்தில், இந்த எளிய நிபந்தனை எந்தக் கணித வினாவையும்விடக் கடினமானது. அதனால்தான் இங்கே படிப்பு, கோயில் மண்டபத்திலும், பள்ளிக்கூடம் விட்ட பின் அதன் வகுப்பறையிலும், பதுளைப் பொது நூலகத்தின் மேசையிலும், வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸின் சன்னலோர இருக்கையிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. சிதறிய இடத்துக்குச் சிதறிய திட்டமே பொருந்தும்: பஸ்ஸில் செய்யக்கூடியது வாசிப்பு, மண்டபத்தில் செய்யக்கூடியது தாளில் எழுதும் கணிதம், ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் மட்டுமே செய்யக்கூடியது நேரம் வைத்து எழுதும் முழுப் பகுதி.

வீட்டின் நேரமும் அப்படியே பங்கிடப்பட்டது. மலையிலிருந்து மாலையில் திரும்பும் தாய், ஈரச் சாக்கை அவிழ்த்து இஸ்தோப்பில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகும்போது, படித்துக்கொண்டிருக்கும் மகள் எழுந்து கூட வருகிறாள். “நீ படி புள்ள, நான் பாத்துக்கிறேன்” என்கிறார் தாய். அந்த அரை மணி நேரம் மகளின் அட்டவணையில் படிப்பு என்று பதிவாகிறது. அது எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்த இரண்டு கால்களிலிருந்து வந்தது என்பது எந்த அட்டவணையிலும் பதிவாவதில்லை. மகனுக்கு இந்தச் சலுகை கேட்காமலே கிடைப்பதும் மகளுக்குச் சொல்லிச் சொல்லிக் கிடைப்பதும் இன்னும் மாறாத நிலை. திட்டம் வகுப்பவர் தம் வீட்டாருடன் அமர்ந்து, எந்த வேலையை யார் எத்தனை மாதத்துக்கு ஏற்பது என்று வெளிப்படையாகப் பேசி முடிவெடுப்பது, எந்த நூலை வாங்குவது என்பதைவிட முந்திய தேவை. பேசாமல் வாங்கப்படும் நேரம் மனக்கசப்பாகத் திரும்பி வரும்.

லயத்தில் ஓர் இழவு விழுந்தால் அன்று எவரும் புத்தகத்தோடு அமர்வதில்லை, அமரவும் கூடாது. மாரியம்மன் திருவிழாவும், காமன் கூத்தும், பக்கத்துக் காம்பராக் கல்யாணமும் அப்படியே. இவற்றைத் தடைகள் என்று பட்டியலிட்டு ஒதுக்கச் சொல்லும் திட்டம் வேறெங்கோ வாழும் தனிமனிதருக்கு எழுதப்பட்டது. ஆறு வாரத்துக்கு ஒரு வாரத்தை முன்கூட்டியே வெறுமையாக விட்டுவைத்தால், அது சாவுக்கும் சடங்குக்கும் காய்ச்சலுக்கும் உரிய இடமாகும். எதுவும் வராவிட்டால் பின்தங்கிய பாடம் அதில் ஏறிக்கொள்ளும். ஊரோடு நிற்க வேண்டிய நாளில் நின்றவர் மறுநாள் குற்றவுணர்வின்றிக் கொப்பியைத் திறக்கிறார் என்பதும் ஒரு பயனே.

சில இடையூறுகளுக்கு எந்த வெற்று வாரமும் போதாது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. 2025 நவம்பர் 10ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து, வீடுகளையும் உயிர்களையும் மண் கொண்டுபோனது, மலையக ரயில் பாதை துண்டிக்கப்பட்டது, எஞ்சிய பாடங்களுக்கான பரீட்சை மறு ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் மீரியபெத்தையில் ஒரு லயத்தொகுதியே மண்ணுக்குள் போனதைக் கண்ட மாவட்டம் இது. பாதிப் பரீட்சை எழுதிய நிலையில் தற்காலிக முகாம்களுக்குப் போன பிள்ளைகளிடம் திட்டம் தவறாமல் படியுங்கள் என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. அந்த வாரங்களில் செக்ரோல் மூடியே கிடக்கட்டும். விடுபட்ட நாட்களைப் பின்னர் உட்கார்ந்து நிரப்பவும் வேண்டாம். தோட்டத்துப் பதிவேட்டில் வராத நாள் வெறுமையாகவே இருக்கும்; அந்த வெறுமைக்குரிய காரணத்தை அது ஒருபோதும் கேட்டதில்லை. தன் கையால் எழுதும் பதிவேட்டில் அந்தக் காரணத்துக்கு ஒரு வரி இடம் உண்டு: மண்சரிவு எச்சரிக்கை, பாடசாலையில் தங்கினோம், பாட்டிக்குச் சுகமில்லை. அதற்கு அடுத்த வரியில் ஒரு புதிய திகதி, செய்த வினாக்கள் நான்கு, பிழைத்தவை மூன்று, அவற்றில் இரண்டு மொழியால்.